சீரங்கப்பட்டணத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும்

ஊரைப் பார்ப்பது வேறு. ஊர்களை எண்ணுவது வேறு. நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலா பெரும்பாலும் எண்ணிக்கையிலேயே முடிந்துவிடுகிறது. காலையில் சாமுண்டி மலை, பிறகு அரண்மனை, பிற்பகலில் சீரங்கப்பட்டணம், மாலையில் பிருந்தாவனத் தோட்டம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்கிவிடுகிறோம். அந்த அடுக்கில் சீரங்கப்பட்டணத்துக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். பேருந்தை விட்டு இறங்குகிறோம், படம் எடுக்கிறோம், கரும்புச் சாறு குடிக்கிறோம், ஏறிவிடுகிறோம். இவ்வாண்டு அவ்வூருக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும், அதுவும் நடந்தே பார்க்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன்.

இரண்டு மறுப்புகள் எழுந்தன. "நாள் முழுதும் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?" என்றார் ஒரு நண்பர். "காவிரிச் சிக்கல் எப்போது வெடிக்குமோ! தமிழ் மாணவர்கள் கூட்டமாக அங்கே போய் நிற்பது நல்லதா?" என்றார் மற்றொருவர். இருவருக்கும் மறுமொழி கூறவே இதனை எழுதுகிறேன்.

முதலாவது நண்பருக்கு முதலில். மைசூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடைவெளியில் ஒரு தீவாகக் கிடக்கிறது சீரங்கப்பட்டணம். 1610இல் இராச உடையார் விசயநகரப் பேரரசின் ஆளுநரிடமிருந்து இதைக் கைக்கொண்டார். மைசூர்த் தசராவின் தொடக்கமும் அவ்வாண்டில் இவ்வூரில்தான். பின்னர் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இங்கிருந்தே ஆண்டனர். மன்னர்கள் கட்டிய மதில்களுக்கு முன்பே இவ்வூருக்கு ஒரு மதில் இருந்தது. அதுதான் காவிரி.

இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. கோட்டையின் மேற்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு பாடம். 1791 மே மாதத்தில் காரன்வாலிசு பிரபு தம் படையுடன் இவ்வூரின் அருகே வந்தும், மழையாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் திரும்பிப் போக நேர்ந்தது. 1799இல் வந்த ஆங்கிலப் படை, பருவமழை வந்து ஆறு பெருகுமுன் வேலையை முடித்துவிட விரைந்தது. மே 4ஆம் நாள் நண்பகல் வெயிலில், நீர் வற்றிப் பாறை தெரிந்த ஆற்றைக் கால்நடையாகவே கடந்து, உடைந்த மதிலின் வழியே உள்ளே புகுந்தது. அன்றே திப்பு போரில் மாண்டார். சில வாரங்களில் ஆறு பெருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆற்றங்கரையில் நின்று இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வரலாறு என்பது மன்னர் பெயர்ப் பட்டியலன்று என்பது தானே விளங்கும்.

அடுத்து, 1784இல் எழுந்த தரியா தௌலத் மாளிகை. அதன் மேற்குச் சுவரில் பெரிய போர்க்காட்சி ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. அது 1780இல் நடந்த பொள்ளிலூர்ப் போர். பொள்ளிலூர் எங்கே இருக்கிறது? நம் காஞ்சிபுரத்துக்கு அருகில்! அப்போரில் சிறைப்பட்ட ஆங்கிலத் தளபதி பெய்லியின் பெயரால் இவ்வூரில் ஒரு பாதாளச் சிறையும் வழங்குகிறது. அவர் இவ்வூரிலேயே 1782இல் இறந்தார். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1792இல் இவ்வூரில் கையெழுத்தான உடன்படிக்கையால்தான் சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் கும்பினியார் கைக்குப் போயின. சேலத்திலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்து நம்மோடு பயிலும் தோழர்கள் இவ்வூரை 'வேற்றூர்' என்று சொல்ல முடியுமா?

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு மற்றொரு காரணமும் உண்டு. மைசூர்ப் படையின் ஏவுகணைகள் இரும்புக் குழலில் மருந்து அடைத்துச் செய்யப்பட்டவை. தாளும் மூங்கிலும் தாங்க மாட்டாத அழுத்தத்தை இரும்பு தாங்கும். உள்ளழுத்தம் ஏற ஏற வெளியேறும் வளியின் வேகமும், அதனால் ஏவுகணை செல்லும் தொலைவும் கூடும். இவற்றிடம் அடிபட்டுப் பாடம் கற்ற ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் காங்கிரீவின் முயற்சியால் தமக்கென ஏவுகணைகள் செய்துகொண்டனர். அமெரிக்காவின் வாலப்சு தீவிலுள்ள ஏவுதளத்தில் திப்புவின் ஏவுகணைப் படையைக் காட்டும் ஓவியம் ஒன்றைக் கண்டதாக அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அமெரிக்காவில் மாட்டி வைத்த பெருமையை, நாம் பேருந்துச் சன்னல் வழியாகக்கூடப் பார்க்காமல் போவது முறையா? திப்புவின் படைக்கலக் கொட்டில் ஒன்று இருப்புப்பாதையை இரட்டிப்பதற்கு இடையூறாக இருந்தது. 2017இல் அதை இடிக்காமல், கட்டடத்தை அப்படியே பெயர்த்து நகர்த்தி வைத்தார்கள். பொறியியல் தோழர்கள் அதற்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

திப்பு வீரரா கொடியவரா என்னும் வழக்கு இன்று எங்கும் கேட்கிறது. முக்கால் மணி நேரத்தில் பார்த்தவர்க்கு ஏதேனும் ஒரு விடைதான் கிடைக்கும். நடந்து பார்த்தவர்க்கு அவ்வளவு எளிதில் விடை கிடைக்காது. கோட்டைக்குள் அரங்கநாதர் கோயிலும் இருக்கிறது. திப்பு கட்டிய பள்ளிவாசலின் இரட்டைத் தூபிகளும் நிற்கின்றன. ஐதருக்கும் திப்புவுக்கும் அமைச்சராய் இருந்த பூர்ணையா, பின்னர் உடையார் ஆட்சியிலும் திவானாக இருந்து, 1804இல் ஆற்றின் குறுக்கே கற்பாலம் கட்டி அதற்கு ஆங்கில ஆளுநர் வெல்லெசுலியின் பெயரைச் சூட்டினார். கோயில்களுக்குத் திப்பு அளித்த கொடைகளும் உண்மை. குடகிலும் மலபாரிலும் அவர் படை செய்த கொடுமைகளும் உண்மை. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளப் பழகுவதும் கல்விதானே!

இனி இரண்டாம் நண்பருக்கு வருகிறேன். அவருடைய அச்சத்தை நான் இகழவில்லை. 1991இலும் 2016இலும் இம்மாநிலத்தில் தமிழர் பட்ட துன்பத்தை யாரும் மறக்கவில்லை. நம் பெற்றோர் தொலைபேசியில், "வெளியே தமிழ் பேசாதே" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கலவரம் நடக்கும் நாளில் போவோம் என்று நான் சொல்லவில்லை. அமைதியான நாளிலும் போகாமலிருந்தால் அச்சம் எப்போது தீரும் என்றுதான் கேட்கிறேன்.

காவிரியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? 2018இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இயல்பான ஆண்டில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 177.25 டி.எம்.சி. இந்த எண்ணை நாம் எல்லோரும் ஒப்பிப்போம். ஆனால் அந்த நீர் எந்தப் பாறைகளின் மேல் ஓடி வருகிறது, கண்ணம்பாடி அணைக்குக் கீழே யாருடைய வயலை நனைக்கிறது, அந்த உழவர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்ற ஆண்டு நான் தனியாக ஒரு நாள் அங்கே நடந்தேன். சங்கமத் துறையில், நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கன்னடத்தில், "எந்த ஊர், தம்பி?" என்று கேட்டார். என் கன்னடம் சந்தைக் கன்னடம். "லால்குடிப் பக்கம், ஐயா. திருச்சி" என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கேட்டது இதுதான்: "உங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி போகிறது?" அப்பா போட்ட கிணற்றின் ஆழத்தைச் சொன்னேன். அவர் தம்முடையதைச் சொன்னார். கரும்பு விலை, கூலி, மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டது என்று அரை மணி நேரம் பேசினார். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. அது எங்கள் வேலையும் அன்று. ஆனால் என் அப்பா கவலைப்படுவது போலவே கவலைப்படும் ஒருவரை மேட்டு மடையில் கண்டேன். தமிழ்நாட்டின் உரிமையை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அதற்காக அவரைப் பகைவர் என்று சொல்லவும் இனி என் நா எழாது.

காவிரித் தீவுகளில் அரங்கன் பள்ளிகொண்ட மூன்று இடங்களைச் சேர்த்துச் சொல்வது மரபு. சீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம் திருவரங்கம் அந்தியரங்கம். கடவுள் நம்பிக்கை உள்ளவர்க்கு இது சமயம். இல்லாதவர்க்கு இது நில நூல். இரு கரை மக்களும் ஆற்றை ஒன்றாகவே கண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே சங்கத்தின் முன் நான் வைக்கும் திட்டம் சிறியது. காலைப் புகைவண்டியில் போவோம். மாலை வண்டியில் திரும்புவோம். ஐந்து இடங்களுக்கு மேல் பார்ப்பதில்லை என்று உறுதி கொள்வோம். வெயிலுக்குத் தொப்பியும் கையில் நீரும் போதும். செலவு பேருந்துச் சுற்றுலாவில் பாதிகூட ஆகாது. போகுமுன் ஒவ்வொருவரும் பத்துக் கன்னட வாக்கியங்கள் கற்றுக்கொள்வோம். நம் வகுப்புக் கன்னடத் தோழர்கள் சிலரையும் உடன் அழைப்போம். அவர்கள் ஆற்றை அவர்கள் வாயாலேயே கேட்போம்.

படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எடுங்கள். ஆனால் ஒருவரோடாவது ஊர்க்கதை பேசாமல் வண்டி ஏறாதீர்கள். தோழர்களே, அடுத்த கூட்டத்தில் இத்திட்டம் வாக்குக்கு வரும்போது கை தூக்குங்கள்!