துயர் துடைப்போரின் மனநலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, ரயில்களும் பேருந்துகளும் நின்றுபோன அந்நாட்களில், கொரோனா வார்டுகளின் ஊழியர்களை தேசம் கைதட்டிக் கௌரவித்தது நியாயமே. ஆயினும் புற்றுநோய்ப் பிரிவுகளில் பணியாற்றிய வைத்தியர், செவிலியர், கதிர்வீச்சுப் பணியாளர், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோரின் மனோவேதனையை நாம் போதிய அளவு சிந்தித்தோமில்லை.

கீமோதெரபி நோயாளியின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். ஆதலால் சிகிச்சையைத் தொடர்ந்தால் தொற்றின் அபாயம், ஒத்திவைத்தால் கட்டி வளரும் அபாயம் என்ற தர்மசங்கடத்தில் நாள்தோறும் தீர்மானம் செய்ய நேர்ந்தவர்களின் மனச்சாட்சி எத்துணை பாரத்தைச் சுமந்திருக்கும்! உற்றார் நெருங்க இயலாத வார்டுகளில் அந்திமகால நோயாளியின் கரம் பற்றி நின்று, தம்மால் வீட்டாருக்குத் தொற்று வருமோ என்ற அச்சத்தோடு இல்லம் திரும்பியவர்களும் அவர்களே.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்துக்கு, 2021 ஜனவரியில் மறையும்வரை தம் ஆயுளையே அர்ப்பணித்த டாக்டர் சாந்தாவைப் போற்றும் நாம், அத்தகைய சேவையில் இன்றுள்ளோரின் களைப்பையும் கவனித்தாக வேண்டும். பணிச்சோர்வைத் தொழில் சார்ந்த பிரச்சினையாக உலக சுகாதார நிறுவனமே அங்கீகரித்துள்ளது.

ஆகவே, இரகசியம் காக்கும் மனநல ஆலோசனையையும், முறையான ஓய்வையும், துக்கத்தைச் சகாக்களோடு பகிர்ந்துகொள்ளும் அவகாசத்தையும், அடுத்த கொள்ளைநோய் வருமுன்னரே ஒவ்வொரு புற்றுநோய் மருத்துவமனையிலும் நிரந்தர ஏற்பாடாக்குமாறு அரசையும் நிர்வாகத்தினரையும் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், சென்னை