பால்சா விமானமும் பள்ளிப் பிள்ளைகளும்

பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ருசி உண்டாக வேண்டுமென்று விரும்புகிறவர்கள், கடையிலிருந்து வாங்கி வந்தவுடன் பறக்கும் யந்திரத்தை அவர்கள் கையில் கொடுப்பதைக் காட்டிலும், பால்சா மரத் தகடுகளையும் கூரிய கத்தியையும் ஒரு வரைபடத்தையும் கொடுத்து, ரேடியோ அலையால் இயங்கும் சிறு விமானத்தை அவர்களே கட்டும்படி செய்வதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஈக்வடார் நாட்டில் ஏராளமாய் விளையும் பால்சாவின் சராசரி எடை கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோ. தேக்கின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷாரின் மாஸ்கிட்டோ விமானத்தின் உடலில் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே உள்ளீடாக அமைந்த இம்மரம், கயத்தாற்றுப் பக்கம் நாம் காண்பது போன்ற காற்றாலைகள் பலவற்றின் இறகுகளுக்குள்ளும் இன்று இருக்கிறது.

லேசாகக் கட்டுவதன் சூட்சுமம் யாதெனில், இறக்கையின் பரப்பு மாறாமல் எடை மட்டும் பாதியானால், விமானம் வானில் தாங்கி நிற்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் பத்தில் ஏழு பங்காகிறது. எடையும் வேகமும் சேர்ந்து குறைவதால், அந்த வேகத்தில் தரையில் மோதும்போது அதைச் சிதைக்கும் சக்தி கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகையால், பலம் சேர்ப்பதாக எண்ணிப் பசையையும் பலகையையும் பெருக்குகிறவன் விமானத்தை உடைவதற்கே ஆயத்தம் செய்கிறான். ஒரே அளவுள்ள தகடுகளையும் தராசில் நிறுத்து, மிக லேசானதை வாலுக்கு ஒதுக்க வேண்டும். நீண்ட வாலில் ஏறிய ஒரு கிராமைச் சமன்செய்ய மூக்கில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக ஈயம் வைக்க நேரிடும். நெம்புகோலின் தத்துவத்தைப் புத்தகத்தில் படித்து மறந்த மாணவன் இங்கே அதைக் கையால் அறிந்துகொள்கிறான்.

பத்தமடையில் கோரையை இழையாகக் கிழித்துப் பாய் முடைபவர்களும், அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு கடைபவர்களும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுபவர்களும் வாழும் இப்பிரதேசத்தில் நுட்பமான கைவேலைக்குப் பஞ்சமில்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டும் பயிற்சி உண்டென்றாலும், அப்பிரிவு இல்லாத பள்ளிகளே அதிகம். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை: கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ கண்பார்வைக்குள் பறக்கவிடப்படும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் கூறுகின்றன; ஆனால் தடைசெய்யப்பட்ட வான்வெளியைத் தவிர்க்க வேண்டும்.

ஆடிக் காற்றில் இவ்விமானங்கள் நிலைகொள்ளா. பிசான நெல் அறுவடைக்குப் பின் வயல்கள் காய்ந்து கிடக்கும் பங்குனிக் காலைகளே இதற்கு உகந்தவை. பம்பாயிலும் சென்னையிலும் கடல் கடந்தும் வாழும் கல்லிடைக்குறிச்சிக்காரர்கள், தாம் படித்த பள்ளிக்கு ஒரு கட்டு பால்சாவும், சிறு மோட்டாரும், பேட்டரியும், ரேடியோ சாதனமும் இவ்வாண்டே அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.