நீல நகர்த்தியும் கரிய முகங்களும்

சிற்றிதழ் வாசிப்பவர்களுக்கு அந்த அட்டை நன்கு பழக்கமானது. ஒரு முதியவர், அல்லது மூதாட்டி. முகமெங்கும் உழுதுபோட்டதுபோலச் சுருக்கங்கள். பின்னணி ஏறத்தாழக் கருமை. கண்களில் மட்டும் ஓர் ஒளிப்பொட்டு. உள்ளே நிலத்தைப் பற்றியோ இடப்பெயர்வைப் பற்றியோ ஒரு தலையங்கம் இருக்கும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பு அநேகமாக இருக்காது. இத்தகைய படங்களில் பெரும்பாலானவை டிஜிட்டல் கேமராவில் முழு வண்ணத்தில் பதிவாகி, பிறகு மென்பொருளில் வண்ணம் களையப்பட்டவை என்பதை நாம் யோசிப்பதில்லை.

'படச்சுருளில் எடுத்தால்தான் உண்மையான கறுப்பு வெள்ளை, கணினியில் செய்வது போலி' என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டிஜிட்டல் கேமராவின் உணரிக்கு வண்ணம் தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976இல் காப்புரிமை பெற்ற சிறு கட்டங்களின் வடிகட்டியை அதன்மேல் பொருத்துகிறார்கள்: பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். நாம் காணும் வண்ணம் அதிலிருந்து கணக்கிட்டு உண்டாக்கப்படுவது. எனவே வண்ணப்படமும் ஒரு மொழிபெயர்ப்புதான். செபஸ்தியாவோ சல்காடோ 2008இல் டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அந்தப் படங்களைப் போலி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

என் புகார் வேறு. மென்பொருளில் வண்ணத்தை 'நீக்குகிறோம்' என்று சொல்லும் பேச்சுவழக்கே நம்மை ஏமாற்றுகிறது. நீக்கினால் மிஞ்சுவது எது என்பதை யாராவது முடிவுசெய்தாக வேண்டும். ஃபோட்டோஷாப்பில் 'டீசாச்சுரேட்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். தூய சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் நான்கும் ஒரே சாம்பலாகிவிடும். இலை மறைவில் நிற்கும் செம்பருத்தி காணாமல் போகும். கண்ணின் இயல்பை ஒட்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது, சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை போடுவது. அதன்படி 255 என்ற உச்ச அளவில் சிவப்பு 76 ஆகும், பச்சை 150 ஆகும், நீலம் 29க்கு இறங்கிவிடும், மஞ்சளோ 226க்கு ஏறிவிடும். ஒரே காட்சி, இரண்டு உலகங்கள். 2007இல் வந்த சிஎஸ்3 பதிப்பிலிருந்து ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி நகர்த்தி வந்துவிட்டது. அதன்பின் உலகங்களுக்கு எண்ணிக்கையே இல்லை.

இதில் புதுமை ஏதுமில்லை. 1927 ஏப்ரலில் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையின் எதிரே நின்ற ஆன்சல் ஆடம்ஸ், மஞ்சள் வடிகட்டியோடு ஒரு படம் எடுத்தார். மனம் நிறையவில்லை. மிஞ்சியிருந்த ஒரே கண்ணாடித் தகட்டில், அடர்சிவப்பு வடிகட்டி போட்டு மறுபடி எடுத்தார். நீல வானம் ஏறத்தாழக் கறுப்பாக விழுந்தது. புகழ்பெற்றது அந்தப் படம். வானத்தை இருட்டாக்கியதை அவர் மறைக்கவில்லை. தாம் கண்டதைவிட உணர்ந்ததையே எடுத்ததாகப் பிற்காலம் முழுவதும் விளக்கினார். வானமும் அவரிடம் வந்து முறையிடப் போவதில்லை.

மனிதத் தோல் விஷயம் அப்படியல்ல. எந்த இனத்தவரின் தோலும் சிவப்பொளியை அதிகமாகவும் நீலத்தை மிகக் குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. ஆகவே சிவப்புத் தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் முகம் வெளுத்து, வழுவழுப்பாகி, தழும்புகள் மறையும். நீலத் தடத்தை எடுத்தால் அதே முகம் கறுத்து, ஒவ்வொரு துளையும் வரியும் செதுக்கியதுபோல் எழுந்து நிற்கும். நம் கல்யாண ஆல்பங்களைச் செய்பவர் எந்தப் பக்கம் இழுக்கிறார், நம் இலக்கிய அட்டைகளைச் செய்பவர் எந்தப் பக்கம் இழுக்கிறார் என்று கவனியுங்கள். ஒரே மாநிறம். மணப்பெண்ணுக்கு ஒரு நியாயம், களையெடுப்பவளுக்கு ஒரு நியாயம். சிவப்பழகுக் களிம்பை எதிர்த்துக் கட்டுரை வெளியிடும் இதழின் அட்டையிலேயே இது நடக்கிறது என்பதுதான் வேடிக்கை.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. 2009இல் தூத்துக்குடி உப்பளத்தில் வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவர் அனுமதியோடு எடுத்தேன். கிளிப்பச்சைச் சேலை, அதன்மேல் ஆண்கள் போடும் கோடுபோட்ட முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பாத்தி நீரில் வானம் கிடந்தது. வீட்டுக்கு வந்து அதைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். நீலத்தைக் கூட்டிச் சிவப்பைக் குறைத்தேன். முகம் கரியாகி, உப்பு வெள்ளிபோல் எரிந்தது. ஓர் இதழ் அட்டையில் போட்டது. 'உழைப்பின் காவியம்' என்று ஒரு வாசகர் எழுதினார். நானும் மகிழ்ந்தேன். அடுத்த பருவத்தில் இதழை எடுத்துப்போய் அவரிடம் கொடுத்தபோது சற்றுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், என்னைய இப்படிக் கரிக்கட்டை ஆக்கிட்டீய? பொங்கலுக்கு எடுத்த பச்சைச் சேலைல்லா கட்டியிருந்தேன்?" பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒளியைப் பற்றியும் தொனியைப் பற்றியும் நான் படித்திருந்தவை ஒன்றும் அங்கே வாயில் வரவில்லை.

துயரத்துக்குக் கறுப்பு வெள்ளைதான் பொருத்தம் என்பார்கள். 1984 டிசம்பரில் போபாலில் புதைக்கப்பட்ட ஒரு பெயரறியாக் குழந்தையை ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பாப்லோ பார்த்தலோமியோ வண்ணத்தில் எடுத்தார். அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது இரண்டாவதற்குக் கிடைத்தது. ராயின் படம் காலத்துக்கு அப்பால் போய்விடுகிறது, அதை ஒரு சிற்பம்போலப் பார்க்க முடிகிறது. பார்த்தலோமியோவின் படத்தில் மண் மண்ணின் நிறத்திலேயே இருக்கிறது. நேற்று அள்ளிய மண். அதை நீண்டநேரம் பார்க்க எனக்கு இயலவில்லை. இந்தியாவைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பதே நம் மரபுக்கு ஒவ்வாதது என்ற பொருளில் வாதிட்டவர் ரகுபீர் சிங். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் ஏழையை எப்போதும் காலத்துக்கு அப்பால் அனுப்பிவைக்கும் நம் அவசரம் ஐயத்துக்குரியது. பச்சைச் சேலைக்கு ஒரு விலை உண்டு, வாங்கிய கடை உண்டு, ஒரு பொங்கல் உண்டு. சாம்பல் நிறத்தில் அவள் வெறும் 'உழைப்பு'.

அந்தப் படத்தின் மூலக்கோப்பு நல்லவேளையாக அழியாமல் இருந்தது. வண்ணத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு இதழாசிரியருக்கும் அதை அனுப்பி, அடுத்த இதழின் உட்பக்கத்திலாவது வெளியிடுமாறு கேட்டேன். வண்ணத்தில் அது ஜவுளிக்கடை விளம்பரம்போல இருக்கிறது என்று பதில் வந்தது.