விருந்தினர் யார், செய்துகாட்டுபவர் யார்?

பலர் சந்தா கட்டிப் பகிர்ந்துகொள்ளும் நகர மட்பாண்டக் கூடங்கள், வெளியிலிருந்து ஒரு கலைஞரை அழைத்துப் பயிலரங்கு நடத்துவதைச் சிலர் வீண்செலவாகக் கருதுகின்றனர். செய்முறைக்குத்தான் காணொளிகள் இருக்கின்றனவே என்பது அவர்கள் வாதம். செய்முறையளவில் அது சரியே. ஆனால் ஒவ்வொரு கூடத்திலும் எவரும் கேள்வி கேட்காத சில பழக்கங்கள் படிந்துவிடுகின்றன; அவற்றை அசைத்துப் பார்க்க வேறொரு கை வேண்டியிருக்கிறது.

மணிப்பூரின் ஆந்த்ரோ கிராமத்தில் பானை வனைபவர்கள் பெண்கள். சக்கரம் கிடையாது. பானை அசையாது நிற்க, வனைபவர் அதைச் சுற்றி நடக்கிறார். நகரக் கூடத்திலோ முதல் பாடமே மின்சக்கரத்தில் மண்ணை நடுநிறுத்துவதுதான். அது கைகூடாதவர் இக்கலை தமக்கு வராதென்று விலகிவிடுவதும் உண்டு. ஆந்த்ரோ பெண் ஒருவர் ஒரு முற்பகல் வனைவதைக் கண்டால் அந்த முடிவு ஆட்டம் காணும். ராஜஸ்தானின் மோலேலாவில் தெய்வ உருவங்களைப் புடைத்தெடுக்கும் சுடுமண் பலகைகளுக்குக் களிமண்ணோடு கழுதைச் சாணம் சேர்க்கிறார்கள். அது சூளையில் எரிந்து நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. மண்ணைப் பையில் வாங்கிப் பழகிய மாணவர் அங்கேதான் மண்ணையே ஆக்க வேண்டும் என்பதை அறிகிறார்.

சிக்கல் அழைப்பிதழில் தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்தோ கலைக்கல்லூரியிலிருந்தோ வருபவர் ‘விருந்தினர் கலைஞர்’. பரம்பரைக் குயவர் ‘செய்துகாட்டும் கைவினைஞர்’. முன்னவருக்கு மூன்று நாளும் உரையரங்கும். பின்னவருக்குப் பெரும்பாலும் விழா மூலையில் அரைநாள். (கல்விப்புலம் சிரிக்க இடமில்லை, நம் ஆய்வேடுகளில் அதே குயவர் ‘தகவலாளி’.)

இந்தியக் கலைக்கூட மட்பாண்டத்தின் தொடக்கம் இப்படிப் பிரிந்திருக்கவில்லை. 1952இல் டெல்லி புளூ பாட்டரியை நிறுவிய குர்சரண் சிங், ஜப்பானில் பயின்று பெர்னார்ட் லீச், ஹமதா போன்றோரைச் சந்தித்தவர். அதற்கு முன்பே பட்டாணியர் மரபில் வந்த அப்துல்லா என்னும் குயவரிடமிருந்து நீலப் பூச்சு மரபை அறிந்தவர். அவர் கலைக்கு இருவழியும் தேவைப்பட்டது.

ஆகவே ஒரே பெயர், ஒரே மதிப்பூதியம், நல்ல மொழிபெயர்ப்பாளர் ஆகியவை குறைந்தபட்ச நிபந்தனைகள். நான்காவதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது: சூளை திறக்கும்வரை விருந்தினர் தங்கியிருப்பது. வனைந்து முடித்ததும் அவரை ரயிலேற்றிவிட்டால், வெடித்த பானையை அவர் கையிலெடுத்து எங்கே தவறியதென்று பார்க்கும் அந்த ஒரு மணி நேரம் மாணவருக்குக் கிடைப்பதில்லை.