உட்கார்ந்திருப்பவரும் ஆடுகிறார்

தை பிறந்துவிட்டால் திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடி மைதானங்களுக்கு உயிர் வந்துவிடும். மண்ணைக் கொத்திச் சமன்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, கம்பங்களில் விளக்கு கட்டி விடிய விடிய ஆடுவார்கள். ஒலிபெருக்கியில் யாரேனும் ஒரு ரெய்டரின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும். கூட்டம் அந்த ஒருவருக்காகத்தான் வந்திருக்கிறது, அணி அந்த ஒருவரால்தான் வெல்லும் என்று அறிவிப்பாளர் நம்புகிறார். அணி நிர்வாகியும் நம்புகிறார். கோட்டுக்கு வெளியே நின்று விசிலடிக்கும் நம்மில் பலரும் நம்புகிறோம். இந்த நம்பிக்கை பிழையானது மட்டுமன்று, நம் பிள்ளைகளின் முழங்கால்களுக்குக் கேடானதும்கூட என்பதே நமது வாதம்.

ஆட்டத்தின் விதியிலிருந்தே தொடங்குவோம். களத்தில் 7 பேர், அணியில் 12 பேர். மீதி ஐந்து பேருக்கு மாற்று வீரர்கள் என்று பெயர். ‘மாற்று’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. யாருக்காவது அடிபட்டால் இட்டு நிரப்புவதற்கென வைத்திருக்கும் ஆள் என்று அதற்குப் பொருள் கொண்டுவிட்டோம். வண்டியில் கட்டிப்போகும் உபரிச் சக்கரத்தின் மரியாதைதான் அவருக்குக் கிடைக்கிறது.

உண்மையில் கபடியைப் போல, ஆட்டத்துக்கு வெளியே உட்காருவதையே ஆட்டத்தின் மையமாக வைத்துக்கொண்ட விளையாட்டுகள் குறைவு. எவ்வளவு பெரிய ரெய்டராக இருந்தாலும் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவர் திரும்பி வருவது அவர் கையில் இல்லை. அவருடைய அணியில் மிஞ்சியிருப்பவர்கள் எதிரணியில் ஒருவரைத் தொட்டோ பிடித்தோ வெளியேற்றினால்தான் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் உள்ளே வரலாம். அப்படியானால் நட்சத்திர ரெய்டரின் கணக்கில் எழுதப்படும் புள்ளிகளில் ஒரு பங்கு அவரை மீட்டுக் கொடுத்த இரண்டாவது, மூன்றாவது ரெய்டருக்கு உரியது. மறுநாள் நாளிதழில் வரும் ஆட்டக் கணக்கில் இந்தப் பங்குக்குப் பத்தி கிடையாது.

அடுத்து நேரக் கணக்கு. தொழில்முறை ஆட்டம் 40 நிமிடம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. ஒரு அணிக்கு ஏறத்தாழ 40 ரெய்டுகள். பாதியை ஒருவரே பாடினால் 20 முறை அவர் ஏழு பேருக்கு நடுவே போய் மீள வேண்டும். மூச்சு குறையக் குறையக் கால் கோட்டைத் தாண்டாது. வெறும் ரெய்டாகத் திரும்புவார். தொடர்ந்து இரண்டு வெறும் ரெய்டுகள் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் ஆட்டமிழப்பு. களைத்த ஆள் கட்டாயத்தின் பேரில் உள்ளே வருகிறார் என்பது எதிரணியின் மூலைக்காரருக்குத் தெரியும். அரைமணி நேரமாக ஒரே ஆளின் கால்வைப்பைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அது மனப்பாடமாகியும் இருக்கும். அந்த நேரத்தில் வேறு உயரமும் வேறு வேகமும் உள்ள ஒருவர், முதல் ரெய்டர் இடப்பக்கம் என்றால் வலப்பக்கத்தைக் குறிவைக்கும் ஒருவர், புது மூச்சோடு உள்ளே போனால் மூலைக்காரரின் கணக்குக் கலைகிறது. அவர் புள்ளி எடுக்காமலே 30 விநாடியைக் கழித்துத் திரும்பினாலும் பாதகமில்லை. அந்த இடைவெளியில் நட்சத்திரத்துக்கு மூச்சு திரும்பிவிடும்.

இது கற்பனைக் கணக்கு என்பவர்கள் புரோ கபடியில் பாட்னா அணியின் வரலாற்றைப் பார்க்கட்டும். 2017-இல் பர்தீப் நர்வால் ஒரே பருவத்தில் 369 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். பாட்னா கோப்பையை வென்றது. ‘ஒரே ஆள் போதும்’ என்பவர்கள் இந்த எண்ணைத்தான் காட்டுகிறார்கள். அதே பருவத்தில் அவருக்குத் துணையாக ஆடிய மோனு கோயத்தை மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு ஏலத்தில் ஹரியானா அணி அவரை 1.51 கோடி ரூபாய்க்கு வாங்கியது. துணை இல்லாத பர்தீப் 2018-இலும் 200-க்கு மேல் புள்ளிகள் எடுத்தார். 2019-இல் 300-ஐயும் தாண்டினார். ஆனால் அந்த இரண்டு பருவங்களிலும் பாட்னா அடுத்த சுற்றுக்கே போகவில்லை. பிறகு பர்தீப் உத்தரப் பிரதேச அணிக்குப் போய்விட்டார். 2021-22 பருவத்தில் பாட்னா ரெய்டுகளைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தது. பட்டியலில் முதலிடம் பெற்று இறுதிப் போட்டிக்கு வந்து, டெல்லியிடம் 36-37 என்று ஒரே புள்ளியில் தோற்றது. பெரிய ரெய்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெரிய ரெய்டர் தனியாக நின்றபோது என்ன ஆனது என்பதைத்தான் சுட்டுகிறோம்.

நம் தமிழ் தலைவாஸ் அணியின் கதையும் இதையே சொல்கிறது. 2022-இல் 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்ட பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து அந்தப் பருவம் முழுவதும் வெளியேறினார். அணி அத்தோடு தீர்ந்தது என்று எழுதியவர்கள் உண்டு. பெயர் அறியப்படாத நரேந்தர் முன்னே வந்தார், அஜிங்கிய பவார் தோள் கொடுத்தார். 2017-இல் தொடங்கிய அந்த அணி முதன்முறையாக அரையிறுதி கண்டது அந்தப் பருவத்தில்தான். 2019 இறுதிப் போட்டியில் வங்காள அணியும் காயமடைந்த தன் தலைவர் மணிந்தர் சிங் இல்லாமலேயே டெல்லியை 39-34 என்று வென்று கோப்பையை எடுத்தது.

கடல் கடந்தும் இந்தப் பாடம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, அவர் எறிவதற்குள் பாய்ந்து வீழ்த்துவது தற்காப்பு முன்வரிசையின் வேலை. உடலை உருக்கும் வேலை அது. பிலடெல்பியா அணி 2017 பருவத்தில் இந்த வரிசையின் ஆட்களைச் சுழற்சி முறையில் மாற்றி மாற்றி இறக்கியது. 2018 பிப்ரவரி 4 அன்று நடந்த இறுதிப் போட்டியில் எதிரணியின் டாம் பிரேடி ஒரே ஒரு முறைதான் வீழ்த்தப்பட்டார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் இருந்தபோது அது நிகழ்ந்தது. பிராண்டன் கிரகாம் பந்தைத் தட்டிவிட்டார். விழுந்த பந்தை எடுத்தவர் டெரெக் பார்னெட் என்ற முதலாண்டு ஆட்டக்காரர், தொடக்க வரிசையில் இடம்பெறாமல் சுழற்சியில் வந்தவர். பிலடெல்பியா 41-33 என்று வென்றது. கடைசி இரண்டு நிமிடங்களுக்கான மூச்சை முதல் ஐம்பது நிமிடங்களிலேயே சேமிக்க வேண்டும் என்பதுதான் இதன் சூத்திரம்.

டெல்டாக்காரர்களுக்கு இதை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து சொல்ல வேண்டியதே இல்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவதைத் தலைமுறைகளாகப் பார்த்தவர்கள் நாம். ஒரே ஆற்றில் முழுவதையும் விட்டால் தலைமடை செழிக்கும், கடைமடை காயும். திருத்துறைப்பூண்டி கடைமடை. முறை என்ற சொல்லின் அருமை நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தண்ணீருக்கு முறை கேட்டுப் போராடுகிற நாம், மைதானத்தில் ஒரே வாய்க்காலில் அனைத்தையும் விடுகிறோம்.

மறுப்புகளையும் பார்ப்போம். ஆட்டத்தின் போக்கில் இருப்பவரை வெளியே எடுத்தால் சூடு ஆறிவிடும் என்கிறார்கள். பிடிபட்டு வெளியே உட்காரும்போது ஆறாத சூடு, ஓய்வுக்காக உட்காரும்போது மட்டும் ஆறிவிடுமா? திறமை குறைந்தவரை நெருக்கடியில் இறக்குவது தற்கொலை என்கிறார்கள். நெருக்கடியில் இறக்கச் சொல்லவில்லை. ஐந்தாறு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது இறக்கிப் பழக்குங்கள் என்கிறோம். அப்படிப் பழகாதவரைத்தான் கடைசி நிமிடத்தில் நட்சத்திரம் நொண்டிக்கொண்டு வெளியேறிய பிறகு தள்ளிவிடுகிறீர்கள். அவர் தடுமாறியதும் ‘பார்த்தீர்களா’ என்கிறீர்கள். சிற்றூர் அணிக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்க்க வசதி ஏது என்பது மூன்றாவது மறுப்பு. வெளியூரிலிருந்து கூலிக்கு ஒரு நட்சத்திரத்தை அழைத்துவர வசதி இருக்கிறது. சொந்த ஊரில் தினமும் பயிற்சிக்கு வரும் மூன்று பேருக்கு முட்டையும் முழங்கால் பட்டையும் வாங்கித்தர வசதி இல்லை என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

இங்கேதான் விஷயம் வெற்றி தோல்வியைத் தாண்டிப் போகிறது. ஊர் ஆட்டங்களில் ஓர் அணி ஒரே இரவில் மூன்று நான்கு ஆட்டங்கள் ஆட நேரிடும். அதே ஏழு பேர், அதே ரெய்டர். விடியற்காலையில் கால் தளர்ந்த நிலையில், இறுகிய மண்தரையில் நாலு பேர் மேலே விழும்போது முழங்கால் தசைநார் அறுகிறது. அந்தப் பையன் ஒரு கோப்பையை மட்டும் இழப்பதில்லை. ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்திருக்கக்கூடிய வேலையை இழக்கிறான். வயலில் இறங்கி நாற்றுக்கட்டுத் தூக்கும் காலையும் இழக்கிறான். இன்னொரு புறம், பன்னிரண்டாவது ஆளாக மூன்று ஆண்டு உட்கார்ந்தே சலித்த பையன் நாலாவது ஆண்டு மைதானத்துப் பக்கம் வருவதில்லை. ஒருவனை அளவுக்கு மீறி ஆடவைத்துக் கெடுத்தோம். இன்னொருவனை ஆடவே விடாமல் கெடுத்தோம்.

நம் மாவட்டத்து வடுவூரிலிருந்து ஓர் இளைஞர் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்றார். தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் 40 வயதைக் கடந்த பிறகு, 2016-இல், பாட்னாவுக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கித் தந்தார். இந்த மண்ணுக்கு ஆட்டக்காரர் பஞ்சமில்லை. இருக்கிறவர்களைக் காக்கும் புத்திதான் பஞ்சம்.

சிறுபத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் எளிதில் புரியும். முகப்பில் வரும் பெயர் ஒன்றுதான். மெய்ப்புப் பார்த்தவரும் சந்தா சேர்த்தவரும் இல்லாமல் எந்த இதழும் மூன்றாவது இதழைக் கண்டதில்லை. ஆகவே போட்டி நடத்துவோரிடம் நாம் கேட்பது மூன்று. சிறந்த ரெய்டருக்குப் பரிசு தருவது போலச் சிறந்த மாற்று வீரருக்கும் ஒரு பரிசு அறிவியுங்கள். பரிசுப் பணத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே இரவில் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடும் அணி, மூன்றாவது ஆட்டத்தைக் குறைந்தது இரண்டு புதிய ஆட்களோடுதான் தொடங்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். அறிவிப்பாளரிடம் ஒன்றே ஒன்று: அடுத்த தையில் ஒலிபெருக்கியைக் கையில் எடுக்கும்போது பன்னிரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.