கிணற்றுப் பங்கு

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளைப் படித்தோர் ஒன்றை அவதானித்திருப்பர். இத்தனை பரப்புக் காணி என நிலத்தின் அளவைக் கூறியபின், அதற்குரிய கிணற்றிலே நாலில் ஒரு பங்கும், துலாவும், வழி வாய்க்காலும் என்று நீருரிமையையும் தனியே எடுத்தெழுதுவர் நொத்தாரிசுமார். பங்காளர் நால்வராயின் இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு முறை என்பதை அவர்களே தம்முள் வகுத்துக்கொண்டனர். உத்தியோகத்தர் எவரும் வந்து வகுத்தாரல்லர். முறை தவறினால் வழக்குண்டு. சில வேளை கைகலப்புமுண்டு. ஆயினும் முறை நின்றது. ஒருவர் இறைப்பதை மற்றவர் கண்ணாற் கண்டமையே அதற்குக் காரணம்.

எந்த உறுதியிலும் எழுதப்படாத பங்கொன்று நமக்குண்டு. குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லை போல மிதக்கின்றது. ஒல்லாந்தரான கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் நூறாண்டுகளுக்கு முன்னரே தனித்தனியே கண்ட கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மேலேயுள்ள அவ்வோரடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் 40 அடிக்கு உவர் ஏறும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்தோம். புதுமை என்று பார்த்துவிட்டு வந்தோமேயன்றி, நம் வீட்டுக் கிணற்றின் கதையும் அதுவே என்று எண்ணினோமில்லை. வேலிகள் நிலத்தைப் பிரிப்பன, நீரைப் பிரிப்பனவல்ல.

துலா மிதித்த காலத்தில் மனிதருடைய காலும் கையுமே அளவுகோலாயிருந்தன. 1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. 1970களில் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நம் தோட்டங்கள் கொழித்தன. பிள்ளைகளைப் படிப்பித்தோம், வீடுகள் கட்டினோம். இக்கல்லூரிக்கு வந்த நன்கொடைகளிற் சிலவற்றில் வெங்காய மணமும் வீசியிருக்கும்! அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் இன்று ஒருவர் அளவோடு இறைத்தால், அவர் மிச்சம் விட்ட நீர் அயலவரின் இயந்திரத்துக்கே போய்ச் சேரும். நல்லவன் ஏமாளியாகும் இந்நிலையே நோயின் மூலம்.

அரசாங்கம் சட்டமொன்றை இயற்றினால் யாவும் சீராகும் என்பார் பலர். நான் அவ்வாறு எண்ணவில்லை. பல்லாயிரம் கிணறுகளுக்குக் காவல் வைப்பது எவ்வரசாலும் இயலாது. எந்தக் கிணறு எப்போது வற்றுகின்றது என்பதும் எந்தக் கந்தோரிலும் தெரியாது. வறண்ட பிரதேசத்துக் குளங்களின் கீழே, நீர் குறைந்த போகத்தில் குளத்தையடுத்த வயலை மட்டும் எல்லாரும் பங்கிட்டு விதைக்கும் வழக்கமுண்டு. சிங்களக் கமக்காரர் அதனைப் பெத்ம என்பர். குளத்து நீர் கண்ணுக்குத் தெரிவது. ஆதலால் அங்கே இணக்கம் எளிது.

கண்ணுக்குத் தெரியாத நீரை எங்ஙனம் பங்கிடுவது? 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார், 1965இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இத்தகைய வழக்கையே. லொஸ் ஏஞ்சல்ஸ் கரையோரத்து நிலத்தடி நீரில் உவர் ஏறியபோது, 1945இல் தொடங்கிய வழக்கு, நீரிறைப்போரையே தம்முட் பேசவைத்தது. பெரும்பாலார் ஒப்பமிட்டாலன்றி எவரையும் கட்டுப்படுத்தாது என்னும் நிபந்தனையோடு 1955இல் இடைக்கால உடன்பாடு கண்டனர். நீதிமன்றம் 1961இல் அவர்களது இணக்கத்தையே தீர்ப்பாக்கியது. ஒவ்வொருவரும் இறைத்த அளவு ஆண்டுதோறும் யாவரும் அறிய வெளியிடப்பட்டது. தாம் விட்டுக்கொடுத்ததைப் பிறர் கவரவில்லை என்று ஒவ்வொருவரும் கண்டுகொள்ள முடிந்தது. அவர்களுக்குத் தொலைவிலிருந்து வேறு நீரும் வந்தது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் அளவையின்றி இணக்கம் பிறந்திராது.

இங்கே அவ்வளவையைத் தொடங்குதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நீர்மட்டத்தை அளக்க முடிச்சிட்ட கயிறு போதும். உவரை அளக்கும் கருவி கைக்கடக்கமானது. உயர்தர வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் அயலிலுள்ள ஐந்து கிணறுகளை மாதந்தோறும் அளந்து, கிராமத்து வாசிகசாலைப் பலகையில் எழுதலாம். அடுத்த கிணற்றின் இலக்கத்தைக் கண்டபின் பங்காளர் தாமே பேசத் தொடங்குவர். பழைய இறைப்பு முறையை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். யூபிலி நினைவாக வாயில் வளைவு கட்டவேண்டுமென்று சங்கத்திலே பேச்சு நடக்கின்றது. அப்பணத்தில் ஒரு சிறு பகுதியை இக்கருவிகளுக்கு ஒதுக்குமாறு கேட்பதற்கே இத்தனையும் எழுதினேன். முதலாவது அளவு கல்லூரிக் கிணற்றிலேயே எடுக்கப்படட்டும். நம் இயந்திரம் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகின்றது என்பதையும் பக்கத்தில் எழுதிவிடலாம்.