பாலைவனத்தில் பேட்டரி வண்டி!

குழந்தைகளே, இந்தியாவிலேயே மிகக் கடுமையான வெயில் பதிவான ஊர் எது தெரியுமா? ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் உள்ள பலோடி. 2016 மே 19-ம் தேதி அங்கே 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது.

இந்த வெயிலால் ஒரு லாபமும் உண்டு. அதே வட்டாரத்தில் உள்ள பட்லாவில், சுமார் 14 ஆயிரம் ஏக்கரில் சூரிய மின்பலகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் திறன் 2,245 மெகாவாட்.

இவ்வளவு வெயில் மின்சாரம் இருக்கும்போது, வண்டிகளையும் அதிலேயே ஓட்டினால் என்ன? 2022-ல் ராஜஸ்தான் அரசு மின்வாகனக் கொள்கையை அறிவித்தது. மின்வண்டி வாங்குவோருக்கு மாநிலத்தின் பங்கான ஜி.எஸ்.டி. வரியைத் திருப்பித் தருவதும், மானியம் தருவதும் அதில் உண்டு. ஜெய்ப்பூர் தெருக்களில் இ-ரிக்‌ஷாக்கள் சத்தமில்லாமல், புகையில்லாமல் ஓடுகின்றன.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

இரவில் சூரியன் இல்லையே!

பகலெல்லாம் ஓட்டிவிட்டு, இரவில்தான் பலரும் வண்டியை சார்ஜ் போடுகிறார்கள். அப்போது சூரிய மின்பலகைகள் தூங்கிவிடும். கோட்டா, சூரத்கர் போன்ற இடங்களில் நிலக்கரியை எரித்துத் தயாரிக்கும் மின்சாரமே பெரிதும் கைகொடுக்கும். ஊருக்குள் புகை இருக்காது. ஆனால், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் இருக்கும்!

பேட்டரிக்கும் வேர்க்கும்!

சரி, நண்பகலில் சார்ஜ் போடலாமா? லித்தியம் பேட்டரிக்கு அதிக வெப்பம் ஆகாது. உள்ளே உள்ள வேதிப்பொருள்கள் சீக்கிரம் கெட்டு, அதன் ஆயுள் குறையும். 2022 கோடையில் நாட்டின் பல இடங்களில் மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. அதன்பின் மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது.

இன்னொன்றும் உண்டு. பகலில் வண்டியை நிறுத்தி வைத்தால், ரிக்‌ஷா ஓட்டுபவரின் அன்றைய வருமானம் என்னாவது?

கானமயில் எங்கே போகும்?

பாலைவனத்து மின்சாரம் நகரங்களுக்குக் கம்பி வழியாகத்தான் வர வேண்டும். அங்கே வாழும் கானமயில் என்ற பெரிய பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. அதனால் கம்பியில் மோதி இறக்கிறது. இப்போது மிஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவே. இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சில கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோவதும் ஒரு வழி. ஆனால், அதற்குச் செலவு அதிகம்.

வழி என்ன?

பேட்டரி மாற்றும் நிலையங்கள் ஒரு நல்ல வழி. காற்றோட்டமான, நிழலான அறையில் பகல் முழுவதும் பேட்டரிகளை சார்ஜ் செய்து வைக்கலாம். ரிக்‌ஷாக்காரர் வந்து, தீர்ந்ததைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை மாட்டிக்கொண்டு சில நிமிடங்களில் கிளம்பலாம். வெயில் மின்சாரமும் வீணாகாது. அவர் பிழைப்பும் கெடாது.

ஆகவே குட்டி நண்பர்களே, பேட்டரி வண்டியைப் பார்த்ததும், "புகையில்லாத வண்டி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எந்த நேரத்தில் சார்ஜ் செய்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். அந்த வண்டி உண்மையிலேயே எவ்வளவு சுத்தமானது என்பதை அந்த இரண்டு பதில்கள்தான் சொல்லும்!